தார்ச்சட்டி, தூரிகை, கல்: கொங்கு நாட்டில் எது எடுபட்டது?

கேள்வி இது: "2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தைக் கறுப்பு மை பூசி அழித்தார்கள். சுவரில் எழுதுவது, பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது எல்லாம் போராட்ட வழியாக உண்மையிலேயே பலன் தருமா, இல்லை வெறும் விளம்பரமா? எங்கள் கல்லூரியில் விடுதிக் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். இரவோடு இரவாகச் சுவரில் எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்."

தம்பி, படிக்கிற காலத்தில் நான் கட்சிக்குச் சுவர் எழுதப் போனவன். இப்போது கோவையில் இந்த மாதிரி வழக்குகளுக்கு வக்கீலாக நிற்கிறவன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் மூன்று காரியங்கள் கலந்து கிடக்கின்றன. சுவரில் எழுதுவது ஒன்று. அரசு எழுதியதன் மேல் தார் பூசுவது இன்னொன்று. கண்ணாடியை உடைப்பதும் பஸ்ஸைக் கொளுத்துவதும் மூன்றாவது. முதல் இரண்டும் சில நேரம் எடுபடும். மூன்றாவது அநேகமாகச் செய்தவன் தலையிலேயே விடியும். எடுபட்டதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்து ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. மறுநாள் காலை டீக்கடையில் கோரிக்கையைப் பேசுகிறார்களா, சேதத்தைப் பேசுகிறார்களா என்று கேளுங்கள்.

பொள்ளாச்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிப்ரவரி 23ஆம் தேதி தி.மு.க.வினர் சிலர் அதைச் செய்தார்கள். ரயில்வே பாதுகாப்புப் படை வழக்குப் போட்டது. ரயில்வே ஆட்கள் கையோடு பலகையைச் சரிசெய்துவிட்டார்கள். மும்மொழிக் கொள்கையை ஏற்காததால் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது என்ற சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. மை பூசியதால் அந்தப் பணம் வரவில்லை. மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. என்னைக் கேட்டால், ஆளுங்கட்சிக்காரர் கையில் இருக்கும் தார்ச்சட்டிக்குக் கனம் குறைவு. சட்டமன்றமும் அரசு வக்கீலும் கையில் இருக்கிறவர் பிளாட்பாரத்தில் ஏறி நின்று எழுத்தை அழித்தால், ஊர் அதைப் பழைய நினைவுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்ளும். இழப்பதற்கு எதையாவது வைத்திருக்கிறவன் செய்யும்போதுதான் தாருக்கு மதிப்பு.

அந்தப் பழைய நினைவு ஈரோட்டிலிருந்து வருகிறது. பெரியார் 1952இல் ஆகஸ்ட் 1 என்று தேதி குறித்து, முன்கூட்டியே அறிவித்து, ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தாரால் அழிக்கும் போராட்டத்தை நடத்தினார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நடந்தது. இரவில் ஒளிந்து போய்ச் செய்த வேலை இல்லை அது. போலீசுக்குத் தேதி தெரியும், ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும், ஜனங்களுக்கும் தெரியும். வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும். கைதானால் ஆனதுதான்.

1957இல் அரசியல் சட்டத்தைக் கொளுத்தியபோதும் அதே கதை. நவம்பர் 26 என்று நாள் சொல்லிச் செய்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கொளுத்தியது அச்சடித்த காகிதம். யாருடைய கடையும் வீடும் எரியவில்லை. 1953இல் பிள்ளையார் பொம்மைகளை உடைத்தபோதும் உடைந்தவை மண் பொம்மைகள், கோயில் சிலைகள் அல்ல. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பூஜையில் இல்லாத பொம்மையானாலும் ஒரு கூட்டத்தார் புனிதமாகக் கருதினால் சட்டம் அதைக் காக்கும் என்று 1958இல் தீர்ப்பு வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த முறையில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயரை மறைக்காமல், அடுத்தவன் பொருளைத் தொடாமல், தண்டனையை வாங்கிக்கொள்ளத் தயாராகச் செய்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, பலன்? 1952இல் அழித்த எழுத்தைத் திரும்ப எழுதிவிட்டார்கள். 1953இல் டால்மியாபுரம் ரயில் நிலையத்தில் 'கல்லக்குடி' என்ற பெயரை ஒட்டி, தண்டவாளத்தில் படுத்து கருணாநிதியும் மற்றவர்களும் சிறைக்குப் போனார்களே, அந்த ஊர்ப் பெயர்கூடத் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகுதான் மாறியது. தாரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது தோல்விதான். ஆனால் ஒரு டப்பா தாரும் ஒரு தூரிகையும் இருந்தால் போதும், காங்கேயத்திலோ கோபியிலோ இருக்கிற ஒரு சாதாரண ஆள் டெல்லியோடு நேரடியாக மல்லுக்கு நிற்கலாம் என்று அது காட்டியது. உள்ளே போய் வெளியே வந்தவர்கள்தான் அடுத்த பதினைந்து வருஷம் கிளைகளை நடத்தினார்கள். ஆள் சேர்க்கிற வேலையை அது செய்தது.

1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வேறு ரகம். பெரும்பாலோர் அதை ஒரே வீரக் கதையாகச் சொல்வார்கள். கொங்குப் பக்கத்துக்காரர்கள் அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாது. பிப்ரவரி 10ஆம் தேதி திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் உயிரோடு கொளுத்தியது. 12ஆம் தேதி பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. அங்கே செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நடுவில் 11ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். சி.எஸ். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றிரவே லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று நேருவின் உறுதிமொழியைத் திரும்பச் சொன்னார். அது சட்டமானது 1967 கடைசியில், தி.மு.க. வாக்குப்பெட்டியில் ஜெயித்த பிறகு.

வன்முறைக்குப் பயந்துதான் டெல்லி இறங்கி வந்தது என்று வாதாடலாம். அந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன், பயம் இருந்தது உண்மை. ஆனால் அதே வன்முறைதான் ராணுவத்தை இறக்கக் காரணம் கொடுத்தது. இந்தியை அவ்வளவு எதிர்த்த பெரியாரே அந்தக் கிளர்ச்சியைக் காலித்தனம் என்று கண்டித்தார். சி.எஸ். ராஜினாமா செய்ததற்குக் காரணம் எரிந்த பஸ் என்று நினைப்பதைவிட, சொந்தத் தொகுதியில் முகம் காட்ட முடியாத நிலை வந்துவிட்டது என்று நினைப்பதே எனக்குப் பொருந்துகிறது. அந்த நிலையை உண்டாக்கியது வீதிக்கு வந்த மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று இதே கொங்கு நாட்டில் நடந்தது. மின்கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூனில் திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் போராடிய விவசாயிகள் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அங்கே இன்றும் அவர்கள் நினைவுத்தூண் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 1972இல், நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் கட்டைவண்டிகளைக் கொண்டுவந்து கோவை வீதிகளை அடைத்தார்கள். ஒரு கண்ணாடி உடைக்க வேண்டியிருக்கவில்லை. காளையை அவிழ்த்துவிட்டு வண்டியை நடுரோட்டில் நிறுத்தினால் லாரி எங்கே போகும்? மில்லுக்குப் பஞ்சு எப்படி வரும்? நகரத்துக்காரருக்குச் சிரமம்தான், ஆனால் சேதம் இல்லை. வண்டி விவசாயியுடையது, மாடும் அவருடையதே. அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. கோவையின் போராட்டங்களிலேயே மூளையோடு நடத்தியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் ஓர் இந்து அமைப்பின் நிர்வாகி கோவையில் கொலை செய்யப்பட்டார். துக்கமும் கோபமும் நியாயமானவை. ஆனால் இறுதி ஊர்வலத்தின்போது கடைகளை உடைத்தார்கள், பஸ் மேல் கல் விழுந்தது, செல்போன் கடையில் பொருள்கள் போயின. துடியலூரில் பிரியாணி அண்டாவையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சு கிளம்பி, வருஷக்கணக்கில் கேலிப்படமாக ஓடியது. கொலையானவர் யார், ஏன் என்று இன்றைக்குப் பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? அண்டாவைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.

அது சிரித்துவிட்டுப் போகலாம். 2000 பிப்ரவரி 2ஐ அப்படிக் கடக்க முடியாது. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்ததும் அ.தி.மு.க.வினர் சாலைக்கு வந்தார்கள். தருமபுரி இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். அது கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் சுற்றுலா வந்த பஸ். மூன்று பெண்கள் உள்ளேயே கருகிப் போனார்கள். தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேருக்கும் பின்னால் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018இல் விடுதலையும் ஆனார்கள். வெறும் தகரமும் சீட்டும்தானே என்ற பழக்கம் நம் அரசியலில் வெகுநாளாக இருந்தது. சொத்துச் சேதம் எந்த நிமிஷத்தில் ஆள் சேதமாக மாறும் என்பதைத் தீக்குச்சி வைத்திருக்கிறவன் தீர்மானிக்க முடியாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. பஸ் எரிந்த அடுத்த வருஷமே, 2001 தேர்தலில், அ.தி.மு.க. பெரிய வெற்றி பெற்றது. அதனால் "வன்முறைக்கு மக்கள் உடனே தண்டனை கொடுத்துவிடுவார்கள்" என்ற ஆறுதலை நான் யாருக்கும் சொல்வதில்லை. கூட்டணிக் கணக்கு வேறு, நியாயக் கணக்கு வேறு.

வெளிநாட்டில் எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 இயக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் எடுக்காதவற்றில் 53 சதவீதம் ஜெயித்தன, எடுத்தவற்றில் 26. இது ஆட்சிக் கவிழ்ப்பு, விடுதலை மாதிரிப் பெரிய இயக்கங்களின் கணக்கு, விடுதிக் கட்டணத்துக்கு அப்படியே பொருந்தாது. இன்னும் பக்கத்தில் வருவது ஓமர் வாசோவின் 2020 ஆய்வு. 1960களின் அமெரிக்கக் கறுப்பர் போராட்டங்களில், அமைதியாக நடந்தவற்றை, அதுவும் போலீஸ் அடித்தும் திருப்பி அடிக்காதவற்றை, பத்திரிகைகள் 'உரிமை' என்று எழுதின. கல்லும் தீயும் வந்த இடங்களில் 'கலவரம்' என்று எழுதின, வெள்ளையர் வாக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. நான் சொன்ன டீக்கடை அளவுகோல்தான், அவர் எண்ணில் காட்டியிருக்கிறார்.

"பிரிட்டனில் பெண்கள் ஜன்னலை உடைத்துத்தானே ஓட்டு வாங்கினார்கள்?" என்று யாராவது கேட்பார்கள். 1912இல் லண்டன் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள், 1914இல் நேஷனல் கேலரி ஓவியத்தைக் கத்தியால் கிழித்தார்கள், உண்மை. ஓட்டு வந்தது 1918இல், அதுவும் முப்பது வயதுக்கு மேல், சொத்துத் தகுதியோடு. நடுவில் ஒரு உலகப் போர், இயக்கம் வன்செயலை நிறுத்திய நான்கு வருஷம், கண்ணாடி உடைக்காத பெரிய சங்கங்களின் ஐம்பது வருஷ மனுக்கள். கண்ணாடிக்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் திட்டவட்டமான கருத்து கிடையாது.

எழுத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் சுவரெழுத்து ஒரு தொழில். தேர்தல் வருவதற்கு வெகு முன்னாலேயே சுவர் பிடிப்பார்கள். மூலையில் கட்சிப் பெயரைச் சின்னதாக எழுதி, வருஷத்தைப் போட்டுவிட்டால் அந்தச் சுவர் 'புக்' ஆனது என்று அர்த்தம், எதிர்க்கட்சிக்காரர்கூட அநேகமாக மதிப்பார். முதலில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதில் கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று நிற்கும், பசை சேர்க்காவிட்டால் முதல் மழைக்கே உதிர்ந்துவிடும். நூலை நீலப்பொடியில் தோய்த்து இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும், அதற்குள் எழுத்து. முதலில் வெளிக்கோடு, அப்புறம்தான் நிரப்புவது. நல்ல ஆள் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே முடித்துவிடுவார். ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் செய்தது. வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிய சுவருக்கும் கேட்காமல் எழுதிய சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தெருவில் குடியிருக்கிற ஆத்தா சொல்லிவிடும். கேட்காமல் எழுதினால் கட்சிக்கு ஒரு ஓட்டு போச்சு, அவ்வளவுதான்.

யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு எழுத்து கோவையையே உலுக்கிய சம்பவம் 2017 நவம்பரில் நடந்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக அவிநாசி சாலையை மறித்து நட்டிருந்த அலங்கார வளைவில் ஓர் இளம் பொறியாளர் விடியுமுன் பைக்கில் வந்து மோதி இறந்தார். அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தவர். லாரி மோதியதுதான் காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. அதே இடத்தில் தார்ச் சாலையின் மேலேயே, வெள்ளைப் பெயிண்டில், அவர் பெயரைப் போட்டு, அவரைக் கொன்றது யார் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. சீக்கிரமே அழித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் படம் எல்லோர் போனிலும் ஏறிவிட்டது. அழித்த செய்தி அதைவிட வேகமாகப் பரவியது. கோவையில் விதி மீறி வைத்த வளைவுகளையும் பேனர்களையும் எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது.

அது ஏன் எடுபட்டது? அந்த இடத்தில் நின்று படித்தால் விளக்கமே தேவையில்லை, வளைவுக் கட்டை கண்ணுக்கு எதிரிலேயே நின்றது. திட்டு இல்லை, கட்சிப் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். எவருக்கும் நஷ்டம் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுத்தைத்தான் அழித்தார்கள். இதற்கு மேல் அந்த எழுத்தால் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகுதான் கட்சிகள் பேனர் வைக்க மாட்டோம் என்றன. அதே வருஷம் நவம்பரில், அதே அவிநாசி சாலையில், கட்சிக் கொடிக்கம்பத்தால் நடந்த விபத்தில் ஒரு பெண் காலை இழந்தார்.

ஆட்சியின் எதிர்வினைதான் எழுத்துக்குப் பலம் கொடுக்கிறது. 2011இல் சிரியாவின் தரா நகரில் பள்ளிப் பையன்கள் சுவரில் அதிபருக்கு எதிராக எழுதினார்கள். பிடித்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள், ஊர் பொங்கியது, நாடு பற்றி எரிந்தது. அந்த ஆட்சி விழுந்தது 2024 டிசம்பரில், லட்சக்கணக்கான சாவுக்குப் பிறகு. "ஒரு சுவரெழுத்து ஆட்சியைக் கவிழ்த்தது" என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்தப் பதின்மூன்று வருஷத்தை முழுங்கிவிடுகிறார்கள்.

சிலை மேல் பெயிண்ட் ஊற்றுவதை நான் எழுத்தில் சேர்ப்பதில்லை. 2020 ஜூலையில் சுந்தராபுரத்தில் பெரியார் சிலை மேல் காவிப் பெயிண்ட் ஊற்றினார்கள். மறுநாள் நடந்தது என்ன? சிலையைக் கழுவினார்கள், மாலை போட்டார்கள், நெடுநாளாகத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அங்கே வந்து நின்றார்கள். எதிரியின் சிலைக்கு இலவசமாக விழா எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம். இது எந்தக் கட்சிக்காரர் எந்தச் சிலைக்குச் செய்தாலும் பொருந்தும்.

கடைசியாகச் சட்டம், சுருக்கமாக. ரயில்வே சட்டம் 166ஆம் பிரிவில் பலகை எழுத்தை அழித்தால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 250 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரில் எழுத 1959ஆம் வருஷத்து அழகைக் கெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சொத்தைச் சேதப்படுத்தினால் 1992ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் வரும், அதில் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை. தீ வைத்தால் இன்னும் அதிகம். இந்தச் சட்டத்தில் உள்ளே போனால், சேதத் தொகையைக் கட்டினால்தான் ஜாமீன் என்று நிபந்தனை போடுவது சகஜம். ஏற்பாடு செய்தவர்களிடமே இழப்பீடு வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பில் இடிக்கும். என்னிடம் வருகிற பையன்களில் பலர் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

உங்கள் விடுதி விஷயத்துக்கு வருகிறேன். இரவில் விடுதிச் சுவரில் எழுதினால் மறுநாள் நிர்வாகம் கட்டணத்தைப் பேசாது, 'சுவரை நாசம் பண்ணியது யார்' என்று நான்கு பேரைக் கூப்பிடும். 2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை பெசன்ட் நகரில் சிலர் எதிர்ப்பு வாசகத்தோடு கோலம் போட்டார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாளே தலைவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஊர்ப்பட்ட வாசல்களில் அதே வாசகத்தோடு கோலம் முளைத்தது. கோலமாவைத் தண்ணீர் ஊற்றினால் கழுவிவிடலாம், யார் போய்ச் சேதம் என்று புகார் கொடுப்பது? போன வருஷக் கட்டணம், இந்த வருஷக் கட்டணம், மெஸ்ஸில் என்ன மாறியது, இந்த மூன்றை மட்டும் பட்டப்பகலில் விடுதி வாசல் தரையில் பெரிதாக எழுதுங்கள், பெற்றோர் வருகிற நாளாகப் பார்த்து. அதற்கு முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவைக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுப் பிள்ளைகளை முன்னால் நிறுத்த வேண்டாம்.